மலை ஏரியில் பழைய படகு: நியாய விலை காணும் வழிகள்

தமிழகக் கடற்கரையில் பழைய படகுக்கு விலை வைப்பதற்கு எழுதப்படாத ஒரு முறை உண்டு. காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ இராமேசுவரத்திலோ ஒரு படகு விற்பனைக்கு வந்தால், அதே அளவும் வயதும் உள்ள வேறொரு படகு அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது கரையில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேசி முடிக்கத் தரகர் இருப்பார். பலகையைத் தட்டிப் பார்த்துச் சொல்ல ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர், இருப்பார். ஓடும் சத்தத்தைக் கேட்டே இஞ்சினை எடைபோடும் மெக்கானிக்கும் இருப்பார். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இவர்களில் ஒருவரும் இல்லை. ஜமுனாமரத்தூரில் உள்ள கோலப்பன் ஏரி படகுச் சவாரிக்காகச் சுற்றுலாப் பயணிகளிடையே அறியப்பட்டது. ஆனால் அத்தகைய ஏரியில் ஓடித் தேய்ந்த படகை வாங்கவும் விற்கவும் மலையில் ஒரு சந்தை இல்லை, இருக்கவும் முடியாது. சந்தையே இல்லாத இடத்தில் நியாய விலை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா, உண்டென்றால் அதை எந்த வழியில் கணக்கிடுவது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

முதலில் நியாய விலை என்பதன் வரையறையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வாங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரும் விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரும், பொருளின் குறைநிறைகளை இருவருமே அறிந்த நிலையில், போதிய கால அவகாசத்துடன் பேசி ஒப்புக்கொள்ளக்கூடிய தொகை என்று மதிப்பீட்டாளர்கள் இதைச் சொல்வர். இந்த வரையறையின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வகை விற்பனையை விலக்கி வைக்கிறது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், அவர் சிறையில் இருந்த காலத்தில் நொடித்து 1911-இல் கலைக்கப்பட்டதும், அதன் கப்பல் போட்டியிட்ட ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்கே போனதும் தமிழர் நன்கறிந்த செய்தி. அந்தக் கைமாற்றத்தில் எத்தொகை பேசப்பட்டிருந்தாலும் அதை நியாய விலைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது, ஏனெனில் விற்பவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற 105 இந்தியப் படகுகளை இலங்கை மீன்பிடித் துறை 2022 பிப்ரவரியில் ஏலம் விட்டதும் இதே வகைதான்: ஆண்டுக்கணக்கில் கரையில் கிடந்து உளுத்த உடல்கள், உரிமையாளரின் ஒப்புதல் இல்லாத விற்பனை.

இப்படி இலங்கையிடம் படகுகளை இழந்தவர்களுக்குத் தமிழக அரசு வழங்க முன்வந்த நிவாரணம் இந்த ஆய்வுக்கு இன்னும் பயன்படுவது. மீட்க முடியாத நிலையில் இருந்த 108 விசைப்படகுகளுக்குத் தலா ₹5 லட்சம், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ₹1.5 லட்சம் என்று அத்தொகை வகுக்கப்பட்டது. பழைய படகுகளுக்கு அரசே மொத்தமாக ஒரு மதிப்பு வைத்த அரிய தருணம் அது. படகின் வயது, நீளம், இஞ்சின் எதையும் பாராத ஒரே வீதத் தொகை நிவாரணத்துக்குப் பொருந்தும். பங்கீட்டில் தகராறு வராது, விரைவில் கொடுத்து முடிக்கலாம். விலைக்கு அது பொருந்தாது. நேற்று நீரில் இறக்கிய படகும் பதினைந்து ஆண்டு உழைத்த படகும் ஒரே தொகை பெறும் இடத்தில், முன்னதை இழந்தவர் நட்டப்படுகிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே வீதத்துக்கு அடுத்தபடியாக எளிது தேய்மானக் கணக்கு. ஒரு பொருளின் வாங்கிய விலையை அதன் பயன் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வருவதைத் தேய்மானம் என்றும், கழித்தபின் மிஞ்சுவதை ஏட்டு மதிப்பு என்றும் கணக்கர்கள் குறிப்பிடுவர். அலுவலகங்களில் கேள்வி எழுந்தவுடன் கைக்கு வருவது இந்த எண்ணே, ஏனெனில் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் எந்தச் சட்டத்தின்படி கழிப்பது என்று கேட்டால் குழப்பம் தொடங்குகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் விரைவுப் படகுக்கு 13 ஆண்டும் பிற கலங்களுக்கு 28 ஆண்டும் ஆயுள் என்று வைத்து, இறுதியில் மிஞ்சும் மதிப்பு வாங்கிய விலையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வருமான வரி விதிகளோ இரு வகைக் கலங்களுக்கும் ஆண்டுக்கு 20 விழுக்காட்டை, அவ்வப்போது குறைந்துவரும் மிச்சத் தொகையின் மீது, கழிக்க அனுமதிக்கின்றன. ஆறு ஆண்டு ஓடிய ஒரு விரைவுப் படகை எடுத்துக்கொண்டால், நேர்கோட்டு முறையில் முதல் கணக்கு வாங்கிய விலையில் ஏறக்குறைய 56 விழுக்காடு மிஞ்சுவதாகவும், இரண்டாவது கணக்கு 26 விழுக்காடு மட்டுமே மிஞ்சுவதாகவும் சொல்லும். துடுப்புப் படகையோ காலால் மிதித்து ஓட்டும் பெடல் படகையோ 28 ஆண்டுத் தலைப்பில் சேர்த்தால் ஆறு ஆண்டுக்குப் பின்னும் கிட்டத்தட்ட 80 விழுக்காடு நிற்கும். மலை ஏரியில் ஆறு கோடைகள் பள்ளிக் குழந்தைகளும் விடுமுறைக் கூட்டமும் ஏறி மிதித்த பெடல் படகைப் பார்த்த எவரும் அந்த எண்ணை நம்பமாட்டார்.

வண்டிக் காப்பீட்டில் பழகிய அட்டவணையைப் படகுக்குப் பொருத்துவதும் வழக்கமாக நடப்பதே. ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை கழிக்கும் அந்த அட்டவணை, ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்றுக் கைமாறும் வண்டிகளுக்காக உருவானது; ஒரே மாதிரி வண்டி ஆயிரக்கணக்கில் இருப்பதால் சராசரி என்பதற்கு அங்கே பொருள் இருக்கிறது. படகு பெரும்பாலும் தனித்தனியே கட்டப்படுவது. கடல்சார் காப்பீட்டில் இதனால்தான் வேறு வழக்கம் நிலைத்தது: காப்பீட்டாளரும் உரிமையாளரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பைப் பத்திரத்திலேயே எழுதிவிட 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இடம் தருகிறது, மோசடி இல்லாதவரை அந்த மதிப்பே முடிவானது. வாய்பாட்டைவிடப் பார்த்துப் பேசி முடிவு செய்தலே நம்பத்தக்கது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. தேய்மானக் கணக்கு வரிக்கும் இலாபநட்டக் குறிப்புக்கும் உரியது; விலைப்பேச்சில் அதற்குள்ள இடம், விற்கும் அலுவலர் பின்னாளில் தணிக்கைக்கு விடை சொல்லும் தாளில் மட்டுமே.

சந்தை ஒப்பீடு, அதாவது அதே போன்ற படகு வேறெங்கோ விற்ற விலையை அடிப்படையாகக் கொள்வது, கடற்கரையில் முதன்மையான முறை. அமெரிக்காவில் பழைய படகு விலைகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடும் கையேடுகள் பல பத்தாண்டுகளாக உள்ளன. தமிழகத்தில் அத்தகைய நூல் இல்லை, கரையின் நினைவே கையேடு. அந்த நினைவும் காலத்தோடு புரண்டுவிடும். 2004 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்களும் அரசும் கண்ணாடி இழைப் படகுகளை, மீனவர் பேச்சில் பைபர் படகுகளை, பெருமளவில் வழங்கியபோது பல ஊர்களில் படகு எண்ணிக்கை முன்னிருந்ததைக் கடந்தது, தரமும் ஏறுக்குமாறாக இருந்தது. அந்நாளில் பழைய பைபர் படகு விலையை எதனோடு ஒப்பிட்டாலும் தவறாகவே முடிந்திருக்கும். 2017-இல் தொடங்கிய பாக் விரிகுடாத் திட்டம், இழுவைப் படகைக் கைவிட்டு ஆழ்கடல் சூரை மீன் படகுக்கு மாறுவோருக்கு ₹80 லட்சம் அலகுச் செலவில் மத்திய அரசு 50, மாநில அரசு 20 விழுக்காடு மானியம் என்று வகுத்தபோது, பழைய இழுவைப் படகுக்கு மரத்தையும் இரும்பையும் சாராத புதிய மதிப்பு ஒன்று, மானியத்துக்கான தகுதி என்ற மதிப்பு, ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலமும் பேரத்தை மாற்றும்: படகு கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்நாட்களில் அடிப்பாகம் வரை பார்த்துவிடலாம் என்பது வாங்குபவருக்குச் சாதகம், வருமானம் நின்ற விற்பவருக்குக் கைக்காசு தட்டுப்பாடு.

மலை ஏரிக்கு இந்தக் கடற்கரை விலைகளைக் கொண்டுவந்து ஒப்பிடுவது எவ்வளவு தகும்? உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய வியர் ஹென்றி லெவிஞ்சு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பது அந்நகர வரலாற்றில் பதிவான செய்தி. மலைகளில் படகு என்பது தொடக்கத்திலிருந்தே கீழிருந்து மேலே சுமந்து வரப்பட்ட பொருள். ஆயினும் மீன்பிடிப் படகின் விலையில் இஞ்சினும் வலையும் பதிவு உரிமையும் கலந்துள்ளன. உல்லாசப் படகின் விலையில் அவை இல்லை. வரியும் வேறு: 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மீன்பிடிக் கலங்கள் 5 விழுக்காட்டிலும் உல்லாசக் கலங்களும் துடுப்புப் படகுகளும் 28 விழுக்காட்டிலும் வைக்கப்பட்டன. புதியதன் மீது வரி ஏறினால் பழையதன் விலையும் அதன் நிழலில் ஏறும், வரி இறங்கினால் இறங்கும் என்பதால், இவ்விரு வகைப் படகுகளின் பழைய விலைகளும் ஒரே தாளில் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஜவ்வாது மலையில் விற்பனைக்கு வரும் பெடல் படகுக்குச் சரியான ஒப்பீடு ஏலகிரியின் புங்கனூர் ஏரி, ஏற்காடு ஏரி போன்ற இடங்களில் ஓடும் அதே வகைப் படகுதான். அங்கெல்லாம் விற்பனைகள் எப்போதோ ஒன்று நடப்பவை, பெரும்பாலும் மற்ற தளவாடங்களோடு சேர்த்து ஒரே கட்டாக ஏலம் போகிறவை என்பதால் கிடைக்கும் விலைக் குறிப்பைத் தராசில் இடும் முன் உதறிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கணக்கு படகின் உடலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இன்று ஏரிகளில் ஓடுபவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள்: இழைப் பாயை அச்சில் விரித்து, பாலியெஸ்டர் பிசினை ஊற்றி இறுகவைத்து, நீர்படும் புறத்தில் ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான வண்ணப் பூச்சைக் கொண்டவை. கடல் நீர் இஞ்சினையும் ஆணியையும் தின்னும், ஏரி நீர் மென்மையானது, ஆகையால் ஏரிப் படகு நெடுநாள் நிற்கும் என்பது பரவலான எண்ணம். உலோகத்தைப் பொறுத்தவரை இது சரி. உடலைப் பொறுத்தவரை நேர்மாறு: பூச்சின் வழியே நீர் ஊடுருவி உள்ளே இறுகாது நின்ற வேதிப்பொருள்களைக் கரைத்து அழுத்தம் ஏற்படுத்துவதால் எழும் கொப்புளங்கள், உப்பில்லாத நீரிலேயே விரைவாகத் தோன்றும், ஏனெனில் உள்ளிருக்கும் கரைசலுக்கும் வெளிநீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு அங்கே கூடுதல். ஏரிப் படகை வாங்குபவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, காய்ந்த பின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பது இதற்காகவே. பட்டாணி அளவுக் கொப்புளங்கள் அங்கங்கே இருந்தால் தேய்த்துப் பூசிவிடலாம்; உள்ளங்கை அளவில் அடுக்குகள் விலகியிருந்தால், ஒரு நாணயத்தாலோ சிறு மரச்சுத்தியாலோ தட்டும்போது கணீரென்ற ஓசைக்குப் பதில் பொத்தென்ற ஓசை எழும், அது பூச்சு வேலையோடு முடியாது.

இன்னொரு குறை கண்ணுக்கே தெரியாதது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பதற்காக இருக்கைக்குக் கீழும் முன்பின் அறைகளிலும் நுரைப்பொருள் அடைத்து மூடியிருப்பர். விரிசல் வழியே நீர் புகுந்தால் அந்த நுரை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே பளபளக்கும் படகு நீரில் சற்றே தாழ்ந்து மிதப்பதும், இருவர் தூக்கவேண்டியதை நால்வர் தூக்குவதும் இதன் அறிகுறிகள். எடைபோட வசதி இருந்தால் புதிய படகின் எடையோடு ஒப்பிடுவது மிக நேர்மையான சோதனை. வசதி இல்லையென்றால் அதே மாதிரிப் படகு ஒன்றோடு அருகருகே மிதக்கவிட்டு, நீர்க்கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். பெடல் படகில் இத்துடன் மிதிக்கட்டை, அச்சு, பேரிங்கு, துழாவும் சக்கரத்தின் தகடுகள், சுக்கானை இழுக்கும் கம்பி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும், ஆனால் இவை மாற்றத்தக்கவை, செலவு தெரிந்தவை. மாற்றத்தக்க குறை விலையிலிருந்து கழிக்கத்தக்கது. மாற்ற முடியாத குறை ஆயுளிலிருந்து கழிக்கத்தக்கது. விலைப்பேச்சில் நிகழும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை: பேரிங்கு கரகரப்பதைக் காட்டிப் பாதி விலையைக் குறைக்கக் கேட்பவர் நுரையில் தேங்கிய நீரைக் கேட்பதே இல்லை.

விலையின் அடித்தளம், அதாவது படகாக இனி உதவாத போதும் கிடைக்கும் தொகை, இந்தக் கேள்வியில் எதிர்பாராத வடிவம் எடுக்கிறது. எஃகுக் கப்பலின் கடைசி மதிப்பு தெளிவானது. குசராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல்கள் உடைக்கப்படுகின்றன, கப்பலின் வெற்று எடைக்கு டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசப்படுகிறது. மரப்படகு உடைந்தால் பலகை, விறகு, ஆணி என்று ஏதோ தேறும். மலைக்கு மேற்கே உள்ள ஒகேனக்கல்லின் பரிசல் அடியோடு வேறு: மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய கூட்டின் மீது முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் படுதாவும் போர்த்தித் தார் பூசிய கலம், மேல்போர்வை பழுதானால் மாற்றிவிடுவர், கூடும் நைந்தால் அடுப்புக்குப் போகும். கண்ணாடி இழையோ இறுகியபின் உருக முடியாத பிசின். பழைய இரும்புக் கடையில் அதை எடுக்கமாட்டார்கள், எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். கணக்குப் புத்தகம் கடைசியில் 5 விழுக்காடு மிச்சம் வைக்கும் அதே படகை அப்புறப்படுத்த உரிமையாளர் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து இறக்க வேண்டுமென்றால் அந்தக் காசு இன்னும் கூடும். சுருங்கச் சொன்னால் இந்தப் பொருளின் அடித்தள விலை பூச்சியம் அன்று, பூச்சியத்துக்கும் கீழே. எத்தனையோ சுற்றுலா ஏரிகளின் கரையில் உடைந்த படகுகள் கவிழ்ந்தபடி ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அன்று, இந்த எதிர்மதிப்பும் தான்.

இனி மலை என்ற இடமே விலைக்குள் எப்படிப் புகுகிறது என்பது. படகு எடை குறைந்த, இடம் அடைக்கும் பொருள். லாரி வாடகை இதற்கு எடைப்படி அன்று, நடைப்படியே பேசப்படும். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவேண்டிய வண்டியில் இரண்டு படகுக்கு மேல் அடுக்குவது கடினம். இதனால் ஒரே பழைய படகுக்கு இரண்டு விலைகள் உருவாகின்றன. மலையிலேயே தொடர்ந்து ஓட்ட விரும்புபவருக்கு மாற்று வழி சமவெளியில் அதே போன்ற பழைய படகை வாங்கி மேலே ஏற்றிவருவது. ஆகவே சமவெளி விலையோடு ஏற்றுக்கூலியையும் கூட்டிய தொகை வரை அவர் கொடுக்கலாம். சமவெளியில் ஓட்ட விரும்புபவரோ அதே விலையிலிருந்து இறக்குக்கூலியைக் கழித்த தொகைக்கு மேல் கொடுக்கமாட்டார். நியாய விலை இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது, அந்த இடைவெளியின் அகலம் இரண்டு லாரி வாடகை.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கீழ்வருபவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. நால்வர் அமரும் ஒரு பெடல் படகு, இருக்கிற நிலையில், சமவெளி ஏரியொன்றில் ₹30,000 பெறும் என்றும், ஒரு நடைக்கு அதன் பங்கு வாடகை ₹8,000 என்றும் கொண்டால், மலையில் அதன் விலை ₹22,000-க்கும் ₹38,000-க்கும் இடையில் இருக்கும். இந்த அகன்ற இடைவெளியில் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்ய வருமான முறை உதவும்: படகு இனி ஈட்டப்போகும் நிகர வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்ப்பது அம்முறை. மீதி ஆயுள் நான்கு ஆண்டு, கூலியும் பராமரிப்பும் உரிமக் கட்டணமும் போக ஆண்டுக்கு ₹9,000 மிஞ்சும், பணத்துக்கு ஆண்டு 10 விழுக்காடு எதிர்பார்ப்பு என்று வைத்தால் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ₹28,500. உடனடிப் பழுதுக்கு ₹6,000 கழித்தால் ₹22,500. மலையில் வாங்குபவர் கொடுக்கக்கூடிய உச்சம் சமவெளி வாங்குபவரின் தொகையைவிட ஐந்நூறு ரூபாய் மட்டுமே கூடுதல். எனவே ₹38,000 என்ற மேல் எல்லை ஏட்டளவில் இருந்ததே தவிர, அங்கே ஒருநாளும் பேரம் முடிந்திருக்காது.

இதே கணக்கில் ஓர் ஆண்டு மழை பொய்த்து ஏரி வற்றியதாகக் கொண்டால் நிலைமை புரண்டுவிடும். நான்காம் ஆண்டு வருமானம் இல்லாமல் போனால் மலையில் அதன் மதிப்பு ₹16,400 அளவுக்கு இறங்கும். அப்போது படகு கீழே இறங்குவதே இரு தரப்புக்கும் நல்லது. செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கும் மலை இது என்றாலும், மலைமீதுள்ள சிறு ஏரியின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது. படகுச் சவாரிக்குக் கூட்டம் வருவதோ கோடை விழாவை ஒட்டிய வாரங்களிலும் வார இறுதிகளிலும் தான், அதாவது நீர் குறையத் தொடங்கும் காலத்தில். நீரும் கூட்டமும் ஒன்றையொன்று தவறவிடக்கூடிய இத்தகைய ஏரியில், வருமானத்தை முந்தைய ஒரு நல்ல ஆண்டின் சீட்டுக் கணக்கை வைத்து மதிப்பிடுவது விற்பவருக்கு இனிக்கும் தவறு. குறைந்தது ஐந்தாறு ஆண்டுச் சராசரி வேண்டும்; அது இல்லையெனில் ஓட்டம் நின்ற நாட்களையாவது கேட்டறிய வேண்டும்.

விலையை ஆராயும் எழுத்துகள் வழக்கமாக விட்டுவிடும் பகுதி, படகு அடுத்து எதற்குப் பயன்படப் போகிறது என்பது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மீன்பிடிப் படகாக இருந்ததை உல்லாசப் படகாக மாற்றியமைத்தது அது என்பது பின்னர் வெளிவந்தது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டிலும் 22 பேர் மூழ்கினர். அங்கு ஏற்றிச் சென்றதும் பயணிகளுக்கென அமையாத படகே. மீன்பிடிப் படகின் சமநிலை, அடியில் எடையாகக் கிடக்கும் வலையையும் பனிக்கட்டியையும் மீனையும் எண்ணிக் கணக்கிடப்பட்டது; அதன்மேல் தளம் எழுப்பி ஆட்களை ஏற்றினால் எடை மேலே போகிறது, ஒரே பக்கமாகச் சாய்ந்து படம் எடுக்கும் கூட்டத்தை அது தாங்காது. கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் பழைய பைபர் படகை மலை ஏரிக்கு ஏற்றிவந்து இருக்கை பொருத்திவிடலாம் என்று கணக்கிடுபவருக்கு அந்த மலிவு ஒரு மாயை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்கு ஆய்வும் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டுகிறது, இயந்திரமில்லாக் கலங்களை உள்ளாட்சி அளவில் பதியும் ஏற்பாட்டையும் கொண்டுள்ளது. ஆய்வு, சான்று, உயிர்க்காப்பு அங்கிகள், பயணிகளுக்கான காப்பீடு ஆகியவற்றின் செலவை வாங்கும் விலையோடு சேர்த்துப் பார்த்தால், பயணிகளுக்கென்றே அச்சில் வார்த்த பழைய பெடல் படகு பெரும்பாலும் வென்றுவிடும்.

ஒகேனக்கல் பரிசலை இங்கே மறுபடி நினைத்துப் பார்க்கலாம், வேறொரு காரணத்துக்காக. அங்கே பரிசல் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும். கலத்தின் விலை சொற்பம், ஓட்டும் உரிமையே சொத்து. மலை ஏரிப் படகிலும் இதே பிரிவினை இருக்கிறது, ஆனால் தலைகீழாக: ஏரியில் ஓட்டும் உரிமை ஏரியை ஆளும் துறையிடமோ ஊராட்சியிடமோ இருக்க, விற்கப்படுவது கலம் மட்டுமே. வாங்கியவருக்கு அதே ஏரியில் ஓட்ட உரிமை தொடருமா என்பது எழுத்தில் இல்லாவிட்டால், மேலே கண்ட வருமானக் கணக்கு முழுவதும் காற்றில் நிற்கும், விலை சமவெளிப் படகு விலையிலிருந்து இறக்குக்கூலி போன தொகைக்கு விழும்.

விற்பவர் பெரும்பாலும் பொது அமைப்பு என்பதால் விலையைப் பேரத்தில் அல்ல, ஏலத்தில் கண்டறிவதே விதி. கழிக்கத்தக்கது என்று தொழில்நுட்ப அலுவலர் சான்று தந்தபின் குறைந்தபட்ச ஏல விலை வைத்து, டேவணித் தொகை, அதாவது முன்வைப்புப் பணம், கட்டியவர்களிடையே பகிரங்க ஏலம் விடுவது பழகிய நடைமுறை. பலர் போட்டியிடும் இடத்தில் ஏலம் நியாய விலையைத் தானே கண்டுபிடித்துவிடும், அதில் ஐயமில்லை. மலையில் ஏலம் கேட்க வருவோர் இருவர் மூவர். அவர்கள் வாசலிலேயே தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால், சிண்டிகேட் என்று தமிழிலேயே பேர் பெற்றுவிட்ட அந்த ஏற்பாட்டில், விலை குறைந்தபட்சத்தைத் தாண்டி ஒரு ரூபாய்கூட ஏறாது. அதனால்தான் குறைந்தபட்ச விலையை எங்கே வைப்பது என்பது மலையில் ஏலத்தையே தீர்மானித்துவிடுகிறது. ஏட்டு மதிப்பில் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆண்டுக்கு ஆண்டு மறுஏலம் போட்டுப் படகு வெயிலில் வெடிக்கும். பழைய இரும்பு விலையில் வைத்தால் ஓடக்கூடிய படகு வீணாகப் போகும். இருக்கிற நிலையில் அதன் சமவெளி விலையிலிருந்து இறக்குக்கூலி போன தொகையே இங்கே பொருந்தும் எல்லை. மலையாளிப் பழங்குடி மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று வாங்க முன்வந்தால் அந்த எல்லையிலேயே கொடுப்பது சலுகையாகத் தோன்றலாம். உண்மையில் அது சலுகையே அன்று, வேறு எந்த வாங்குபவரிடமும் பொது அமைப்புக்கு இதற்கு மேல் கைக்கு வந்திருக்காது.

கடைசியாக, ஒப்பந்தத்தில் எழுதவேண்டிய ஒரு வரி. கண்ணாடி இழைப் படகின் எதிர்மதிப்பை முன்னர் கண்டோம். வாங்குபவர் நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டுப் போனால், விற்ற அமைப்பே பின்னாளில் அதை அகற்றும் செலவை ஏற்க நேரும், அப்போது வாங்கிய தொகையில் பெரும் பங்கு லாரி வாடகையாகத் திரும்பிப் போயிருக்கும். விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரத்தக்க வைப்பாகப் பிரித்துவைத்து, ஆயுள் முடிந்த படகை மலையிலிருந்து இறக்கி ஒப்படைத்த பிறகே அதைத் திருப்பித் தருவது என்ற நிபந்தனை, வாங்குபவருக்குச் சுமையாகத் தோன்றினாலும் விற்பனை விலையை அந்த அளவுக்குக் குறைத்துப் பேச அவருக்கு நியாயமான காரணம் தருகிறது. மேலே எடுத்துக்காட்டிய ₹22,500-இல் ₹8,000-ஐ இப்படி வைப்பாக ஒதுக்கினால் படகின் விலை ₹14,500 என்று பதிவேட்டில் ஏறும்.